மே மூன்றாம் தேதி என்று ஒரு வீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை, திருநகரில் என் வீட்டு மாடிப்படியில் பிறந்தது. மாடியில் குடியிருக்கும் ஷாகிர், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கிறவர். சேகரித்த தரவுகளை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது, நாலு வரி நிரல் எழுதி அவற்றை எப்படிச் சரிபார்ப்பது, இதுதான் பாடம். ஒரு சாயங்காலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, தனியா சிரிப்பு?"

"அக்கா, இன்னிக்கு என் வகுப்புல ஒரு ஊரே தேதியா மாறிப்போச்சு. நீங்க கதை எழுதுற ஆளுதானே? இத எழுதுங்க பாப்போம்."

பாப்போமாம்! தலை நரைக்க எழுதியவளைப் பார்த்து, வாடகைக்கு இருக்கிற பிள்ளை சவால் விடுகிறது. கணினியில் எனக்குத் தெரிந்தது மின்கட்டணம் கட்டுவது ஒன்றுதான், அதையும் பாதி நாள் ஷாகிர்தான் கட்டித்தருவார். இருந்தாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

2

முதல் தொடக்கம்:

நாகமலையின் மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது பாண்டிச்செல்வியின் வாழ்க்கையும்

நிறுத்து. வகுப்பு நடந்தது காலை பத்து மணிக்கு. வெயில் எங்கே போய்ச் சாயும்?

இரண்டாம் தொடக்கம்:

தரவு என்பது நம் காலத்தின் ஆகப் பெரிய

[இது கட்டுரை. இப்படித் தொடங்கினால் என் தங்கையே படிக்க மாட்டாள்.]

மூன்றாம் தொடக்கம்:

திரையில் பூஜ்யம் என்று வந்தது.

இது பரவாயில்லை. யாருடைய பூஜ்யம், ஏன் பூஜ்யம் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? இங்கிருந்தே போவோம்.

3

பூஜ்யம் பாண்டிச்செல்வியுடையது. வேதியியல் ஆராய்ச்சி மாணவி. மதுரைக்கு மேற்கே ஓர் ஊராட்சியில் வீடு வீடாகப் போய், அவர்கள் குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சோதித்தவள். அது கூடினால் பிள்ளைகளுக்குப் பல் காவியேறும், பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. அதே வீடுகளில் யாருக்குப் பல்லில் கறை, யாருக்கு மூட்டு வலி என்று கைப்பேசியில் இன்னொரு கணக்கெடுப்பும் எடுத்திருந்தாள். ஆக, தண்ணீருக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை. கதவு எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்தால்தான் எந்தத் தண்ணீர் யாரைப் படுத்துகிறது என்று தெரியும். அதுதான் ஆய்வேட்டின் கடைசி இயல். கால நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

"அவங்கவங்க தரவையே கொண்டாங்க, என் தரவுல கத்துக்கிட்டா ஒங்களுக்கு ஒட்டாது" என்று ஷாகிர் முன்பே சொல்லியிருந்தார். முதல் நாள், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் பாடத்துக்கு ஆசையாக முன்வந்தவள் பாண்டிச்செல்விதான். பொத்தானை அழுத்தினாள். பொருந்திய வீடுகள்: பூஜ்யம்.

"ஏம்மா, கதவு எண் எங்க?" என்றார் ஷாகிர்.

"அந்தா இருக்குல்ல சார், மொதக் கட்டத்துல."

"அது தேதில்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். மே 3. மார்ச் 12. ஏப்ரல் 1962. கீழே போகப் போக எல்லாம் தேதி.

நம் ஊராட்சிகளில் கதவு எண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 5/3 என்றால் ஐந்தாம் வார்டு, மூன்றாம் வீடு. அவள் அப்படித்தான் தட்டியிருக்கிறாள். கண் தாளில், விரல் விசையில். நடுவே ஒரு சாய்கோட்டைக் கண்டதும் கணினி அதைத் தேதி என்று முடிவு கட்டிவிட்டது.* 5/3 மே மூன்றாம் தேதி ஆயிற்று. 4/62 ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுக்கே போய்விட்டது. கைப்பேசியில் எடுத்த கணக்கெடுப்பில் மட்டும் கதவு எண் கதவு எண்ணாகவே இருந்தது. அப்புறம் எப்படிப் பொருந்தும்?

வகுப்பே சிரித்தது. "செல்வி, அந்த அறுபத்திரண்டாம் வருசத்து வீட்ல இன்னும் ரேடியோ இருக்கான்டு கேட்டுச் சொல்லு" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எழுதிய தாள்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்றால், விடுதிக்கு வெள்ளையடித்தபோது அந்தத் தாள் மூட்டை பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது. கணினியில்தான் ஏறிவிட்டதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

* அடிக்குறிப்பு: கேட்காமல் உதவி செய்கிற சொந்தக்காரர் ஒருவர் எல்லார் குடும்பத்திலும் உண்டு. கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவைத் தாண்டிப் போகும்போது, அவராகவே ஒரு கை உப்பு போட்டுவிட்டுப் போவார். கணினியும் அந்த ரகம்தான். ஷாகிர் சொன்ன வைத்தியம்: தட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை 'எழுத்து' என்று குறித்துவிட வேண்டும். உப்பைப் பூட்டி வைப்பது போல.

4

இங்கே எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. கையருகே பேராசிரியர் ராஜபாண்டி இருந்தார், பாண்டிச்செல்வியின் நெறியாளர். முதல் வரைவில் இப்படி எழுதினேன்:

பேராசிரியர் மேசையில் ஓங்கிக் குத்தினார். "மூணு வருசமா என்னத்தக் கிழிச்ச?" அவர் கண்கள்

படித்துக் காட்டியதும் ஷாகிர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, அந்த மனுசன் அப்புடிப் பேசவே இல்ல." விஷயத்தைக் கேட்டதும் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தேதியெல்லாம் ஒழுங்கா போட்டுருக்கியேன்டு ஒன்னையப் பாராட்டுனதே நான்தானேம்மா" என்றாராம். அதோடு விடவில்லை. அடுத்த வகுப்புக்குத் தன் மாணவர்களோடு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், மகன் வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நிரல் பழகுகிறார் என்றால் வாசகர் நம்புவாரா? நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன், வில்லனாக அவர் ஒத்துழைக்கவே இல்லை. போகட்டும், நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

5

வரைவைப் பாண்டிச்செல்விக்கே அனுப்பிவைத்தேன். (அனுப்பியிருக்கக் கூடாது. கதாபாத்திரத்திடம் கதையைக் காட்டுவதும் ஆட்டிடம் பிரியாணி ருசி கேட்பதும் ஒன்றுதான்.) ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்னக்கா, என்னைய ரெண்டு எடத்துல அழ வச்சுருக்கீங்க?"

"அழலையா?"

"எதுக்கு அழணும்? கோவந்தான் வந்துச்சு. நேரா கேன்டீனுக்குப் போயி ரெண்டு பரோட்டா தின்னேன்."

"சரி, பரோட்டா போட்டுடறேன்."

"அப்புறம், எங்கம்மா அப்பா கூலிக்குப் போனத மொதப் பக்கத்துலயே போட்டுருக்கீங்க. போனாங்க, நான் இல்லன்டு சொல்லல. இப்ப சொந்த நெலத்துல உழுறாங்க, அதையும் போட வேண்டியதுதானே? நான் பாவம்ன்டு சொல்லவா கதை எழுதுறீங்க? எனக்கு என் தரவு வேணும்க்கா. அம்புட்டுதான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன், அந்தப் பக்கம் முழுவதையும். காப்பி கொடுத்தேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டேன்: எனக்கு என் தரவு வேணும்.

6

அடுத்த வாரம், இரண்டாம் வகுப்பில் நானும் இருந்தேன். கதைக்காக என்று சொல்லி, ஷாகிரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனேன். பேராசிரியருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டு, இந்தக் கணினிக்குக் காய்ச்சல் என்று அரை மணி நேரம் சாதித்தார். (அடைப்புக்குறியை மூடாவிட்டால் நிரல் ஓடாதாம். கதை ஓடும், பாருங்கள்

"நேத்து ராத்திரி நான் திருத்தித் தந்துருக்கலாம்" என்று ஷாகிர் வகுப்பிடம் சொன்னார். "தரல. இது செல்வியோட தரவு, அவங்கதான் எழுதணும். வாங்க செல்வி."

பாண்டிச்செல்வி முன்னே போனாள். கணினி செய்த கோணலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் திருப்பிவிடலாம். இதுதான் அன்றைய கணக்கு. மே 3 என்றால் மாதத்தை முன்னால் எழுது, நாளைப் பின்னால் எழுது, 5/3 வந்துவிடும். ஏப்ரல் 1962 என்றால் மாதம் நாலு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அறுபத்திரண்டு, 4/62. இதை வரி வரியாகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினாள். தவறியபோதெல்லாம் வகுப்பு கத்தியது: "செல்வி, கமா!" "ஏய், எடம் விட்டு எழுது!"

ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு.

"செவப்பா வந்தா பயப்படாதீங்க. கடைசி வரிய மட்டும் படிங்க, அதுல காரணம் இருக்கும்" என்றார் ஷாகிர். படித்தாள். ஏதோ ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறதாம். ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள்.

எண்கள் வந்தன. தேதிகள் ஒவ்வொன்றாகக் கதவுகளாயின. அடுத்து இணைக்கிற வரி. முதல் வகுப்பில் பூஜ்யம் வந்த அதே இடம்.

வந்தது. ஊரில் ஏறக்குறைய எல்லா வீடும் பொருந்திவிட்டது!

பெஞ்சுகளில் டமடமவென்று தட்டினார்கள். ரேடியோ கேட்டுச் சொல்லச் சொன்னவன் விசிலடித்தான். பேராசிரியர் ராஜபாண்டி எழுந்து நின்று, "போடு!" என்று ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி இடுப்பில் கை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இதை அடிக்க மாட்டேன்.

7

'ஏறக்குறைய' என்று எழுதினேன். உங்களில் யாராவது அதில் விரலை வைத்திருந்தால், நீங்களும் அந்த வகுப்பில் உட்காரத் தகுந்தவர்.

கொஞ்சம் வீடுகள் மிஞ்சின. காரணம் எளிது. பாதித் தரவை ஆய்வகக் கணினியில் தட்டினாள், மீதியைத் தன் மடிக்கணினியில். ஆய்வகக் கணினி மாதத்தை முதலில் படிக்கும், மடிக்கணினி நாளை முதலில் படிக்கும். ஆகவே அங்கே தட்டிய 5/3 மே மூன்று ஆனது, இங்கே தட்டிய 3/5 அதுவும் மே மூன்று ஆனது. இப்போது இரண்டு மே மூன்றுகள். ஒன்றில் ஃபுளோரைடு எக்கச்சக்கம், மற்றதில் தண்ணீர் சுத்தம். எது எந்த வீடு? பெரிய எண்களில் இந்தக் குழப்பம் இல்லை, ஊரில் வார்டே ஆறுதான்; ஆறுக்கு மேல் வந்தால் அது வீட்டு எண்தான். இரண்டு பக்கமும் சின்ன எண் வந்த சில ஜோடிகள்தான் சிக்கல்.

"விட்டுரும்மா. இம்புட்டு வீட்ல நாலஞ்சு ஜோடி போனா ஒண்ணும் ஆகாது. கணக்கு ஒத்துக்கும்" என்றார் பேராசிரியர். ஷாகிரும் அதையே சொன்னார். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி காலிப் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மறுபடி தண்ணீர் பிடித்துச் சோதித்தால், எந்த வீட்டில் கெட்ட தண்ணீர் என்று தெரிந்துவிடுமே. 5/3 தங்கப்பொண்ணு என்பவருடைய வீடு. அவர் பாட்டிலைப் பார்த்ததும் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாராம்.

"ஏத்தா, முன்னாடியும் நீதானே வந்து பிடிச்சுட்டுப் போன?"

"ஆமாக்கா."

"பிடிச்சுட்டுப் போனியே, நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்டு ஒரு வார்த்தை வந்து சொன்னியா? எம்பிள்ளைக பல்லு மஞ்சளாக் கெடக்கு, பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டேங்குதுக. இப்ப இன்னொரு பாட்டிலா?"

"சொல்றேன்க்கா, இந்தத் தடவை கண்டிப்பா சொல்றேன்" என்று பாண்டிச்செல்வி சொல்லியிருக்கிறாள். தங்கப்பொண்ணு ஒரு குடம் தண்ணீர் இறைத்து வந்து, "சொல்லாட்டி நானே அங்கன வருவேன்" என்று பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாராம்.

ஆய்வேடு மாதம் முடியுமுன் உள்ளே போனது. அது வெளியூர்த் தேர்வாளர்களிடம் போய்த் திரும்பி வரும்வரை யாரிடமும் முடிவைச் சொல்ல வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாதங்கள் ஓடின. இன்னும் தங்கப்பொண்ணுவிடம் சொல்லவில்லையே என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாண்டிச்செல்வி அரிப்பாள். இந்தக் கதையும் அதே இடத்தில் நின்றது.

8

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன்.

(அ) தேர்வாளர் மேசையைத் தட்டி, "தேதியை வீடாக்கியது செல்லாது!" என்கிறார். பாண்டிச்செல்வி தன் நிரலைத் திரையில் ஓட்டி அவர் வாயை அடைக்கிறாள். கைதட்டல். [சினிமா. இருந்தாலும் எழுதும்போது நன்றாக இருந்தது.]

(ஆ) சென்னையில் பெரிய கம்பெனி ஒன்று அவளை அள்ளிக்கொண்டு போகிறது. அவள் ஏசி அறையில் உட்கார்ந்து ஊரை நினைத்து [வேண்டாம். இதைப் படித்தால் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு வருவாள்.]

(இ) பட்டத்தோடு ஊருக்குப் போகிறாள். மாலை, மேளம், தங்கப்பொண்ணு ஆரத்தி எடுக்கிறார். [தண்ணீரைப் பற்றிச் சொன்னாளா இல்லையா? அதைச் சொல்லாமல் ஆரத்தி எதற்கு?]

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, மூன்றும். எழுதி வைத்ததை வீட்டிலேயே போட்டுவிட்டுத் தேர்வுக்குக் கிளம்பினேன்.

9

பொது வாய்மொழித் தேர்வு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பேர்தான் பொது. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவிப்பில் போடுவார்கள். ஒருவரும் வர மாட்டார்கள். கடைசியில் தலைவர் "பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்பார். முன்பே சொல்லி வைத்த சிநேகிதன் ஒருவன் எழுந்து, சொல்லி வைத்த கேள்வியைக் கேட்பான். அவன் கண் பின்வரிசை சமோசாவில் இருக்கும்.

அன்றும் அப்படித்தான் போனது. பாண்டிச்செல்வி அழகாகப் பேசினாள். தேதி ஆன வீடுகளை மறைக்காமல் சொன்னாள், திருப்பிய நிரலைக் காட்டினாள், மறுபடி தண்ணீர் பிடித்த வீடுகளையும் சொன்னாள். தலைவராக வந்திருந்த வெளியூர்த் தேர்வாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம்.

"பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா?"

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

தங்கப்பொண்ணு. பின்னால் ஒரு வேன் நிறையப் பெண்கள். அறிவிப்பை அவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்பியது யார் என்று பிறகுதான் தெரிந்தது. பேராசிரியர் ராஜபாண்டிதான்.

"எங்க வீடு அஞ்சு பை மூணு. அந்தத் தண்ணியப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா கூடாதா?"

தலைவர் தயங்கினார். "அம்மா, ஆய்வு சம்பந்தமாக மட்டும்தான்..."

"சார், இத விட்டா வேற ஆய்வே கெடையாது. பதில் சொல்லும்மா" என்றார் பேராசிரியர்.

பாண்டிச்செல்வி விசைப்பலகையில் 5/3 என்று தட்டினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது, அந்த வீட்டின் வரி. அவள் திரையை விட்டுத் தங்கப்பொண்ணுவைப் பார்த்தாள்.

"கூடாதுக்கா. அந்தக் கெணத்துத் தண்ணி குடிக்கவும் வேணாம், சோறாக்கவும் வேணாம். காய்ச்சுனாலும் அது போகாது. மூணு பை அஞ்சு வீட்டு முன்னால தெருக்கொழா இருக்குல்ல, அதுல வர்ற தண்ணி சுத்தம். இன்னிலருந்தே அதப் பிடிங்க. முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்க்கா, மன்னிச்சுக்கங்க."

"இப்பவாச்சும் சொன்னியே ஆத்தா" என்ற தங்கப்பொண்ணு, ஒரு பெரிய மூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்தவர் எழுந்தார். "எங்க வீடு ரெண்டு பை பதினொண்ணு." தட்டினாள். "நல்ல தண்ணிக்கா, தாராளமா குடிங்க." அடுத்து நாலு பை அறுபத்திரண்டு. அடுத்து ஒன்று பை ஏழு. ஷாகிர் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார். சமோசா ஆறிப்போனது, ஒருவரும் தொடவில்லை. வரிசை கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிற்று.

வாசகரே, முடிவு சொல்ல வேண்டிய இடம் இது. நான் சொல்லப் போவதில்லை. பட்டம் கொடுத்தார்களா, அவள் பேருக்கு முன்னால் என்ன சேர்ந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், வேண்டியபடி எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த கடைசிக் காட்சியை மட்டும் தருகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். முடிவை வாசிக்கத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்கய்யா, எங்க வீடு இன்னும் வரல" என்றது வராந்தாவிலிருந்து ஒரு குரல்.

அவர் உட்கார்ந்தார்.